பாடு வைத்து நடந்த வகுப்பு

டீச்சர்,

போன வியாழக்கிழமை உங்களைத் திரையில் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சி என்று எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தின்று மீந்த தயிர்சாதப் பொட்டலங்களைக் கதவோரம் குவித்துவிட்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை மின்விசிறிக் காற்றில் மண்டபம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் முதலில் ஜப்பான் வந்தது, அப்புறம் கொரியா. சீருடை போட்ட பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "பாருங்க, எவ்ளோ பெரிய கிளாஸ்! ஆனா படிப்புல ஒலகத்துலயே முன்வரிசையில நிக்கிறாங்க. ஆக, எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்ல" என்றார் பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர். அடுத்ததாக நீங்கள் வந்தீர்கள்.

அதே நீலப் புடவை, அதே முக்காடு, கையில் எழுத்தட்டை. உங்களைச் சுற்றிப் பிள்ளைகள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ஒரே ஆசிரியர், நாற்பத்து நான்கு மாணவர்கள், அனைவரும் வாசிக்கிறார்கள். மண்டபம் கைதட்டியது. "இந்த அம்மா இப்போ நம்மகூட இல்ல. ஆனா இவங்களால முடிஞ்சது உங்களால ஏன் முடியல?" என்று கருத்தாளர் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு கேட்டார். செத்துப்போன மனுஷியைக் காட்டி உயிரோடிருப்பவர்களைத் திட்டுவதற்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் படத்தில் இருந்த தலைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினேன், அதே இருபத்திரண்டு. தினமும் தலை எண்ணுவதே வேலையாக இருக்கிற வாத்தியார்கள் நிறைந்த மண்டபம், ஒருவருக்குக்கூட எண்ணத் தோன்றவில்லை. அதற்கு மேல் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் தயிர்சாதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். எழுந்து நின்று "அது பொய்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தை எடுத்ததும் நான், மேலே அனுப்பியதும் நான்.

எப்படித் தொடங்கியது என்று திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏரிக்கரைக் குப்பத்துப் பள்ளியில் நாம் மூன்று பேர் இருந்தோம். தலைமை ஆசிரியன் என்ற பெயரோடு நாலாவதும் ஐந்தாவதும் எனக்கு. கீழ் மூன்று வகுப்புகள் உங்களுக்கும் இன்னொரு சாருக்கும். அந்த சார் மாற்றலாகிப் போனார். அவர் இடம் காலியாகவே கிடந்தது. நான் விண்ணப்பம் எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். ஒரு நாள் காலையில் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் போட்டுக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். நாற்பத்து நான்கு பேர்.

அந்த முதல் மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து எழுதிக் காட்டுவதற்குள் மூன்றாம் வகுப்பு ஜன்னலில் ஏறியிருக்கும். ஜன்னலில் இருந்ததை இறக்கிவிட்டுத் திரும்பினால் இரண்டாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவன் தலையில் சாக்பீஸ் பொடியைக் கொட்டிக்கொண்டிருப்பான். சாயங்காலம் பழவேற்காட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவுக்கு நாம் காத்து நிற்கும்போது உங்களுக்குக் குரலே இருக்காது. "நான் பாடம் நடத்தல சார், மேய்க்கிறேன்" என்று காற்று மட்டும் வருகிற தொண்டையில் சொன்னீர்கள். நான் சுக்கும் மிளகும் போட்டுக் குடிக்கச் சொன்னேன். தலைமை ஆசிரியனால் ஆன உதவி அது.

வழி சொன்னது எல்லம்மா. மகள் பவானியைக் கூட்டிப்போக நண்டுக் கூடையோடு ஒரு மத்தியானம் வந்தவள், வகுப்பு வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா டீச்சர் இது, சந்தக் கணக்கா கீது! நாங்களே பாதி பாதியாத்தான் எறங்குறோம். ஒரே எடத்துல மொத்தப் பேரும் வல போட்டா எவனுக்கு இன்னா கெடைக்கும்? நீயும் ஒரு பாடு வச்சுக்கோயேன்."

நமக்குத் தெரியாத சங்கதி இல்லை அது. இறால் வருகிற இடம் ஏரியில் கொஞ்சம்தான். அதனால் ஊர்க் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து, இன்றைக்கு ஒரு பாதி, நாளைக்கு மறுபாதி என்று முறை வைத்து வலை போடுகிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை தப்பி இறங்கியவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். பாடு இருக்கும் வீட்டில் அன்று காலை அப்பனும் ஆத்தாளும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஆத்தாள் ஏலம் முடிந்து வருகிறவரைக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைதான். வருஷக்கணக்காக அதைத்தான் நாம் 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று ஆய்வுக் குறிப்புகளில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை. எல்லம்மாவை உட்கார வைத்து, எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் பாடு என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினீர்கள். பிள்ளைகள் இருபத்திரண்டும் இருபத்திரண்டுமாகப் பிரிந்தார்கள். பாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் காலையில் வருவார்கள், சத்துணவு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பாடு இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் ஏலம் முடிந்த பின் சத்துணவுக்கு வந்து, ஐந்து மணி வரைக்கும் உங்களோடு இருப்பார்கள். மறுநாள் தலைகீழாக மாறும். உங்களுக்கு மட்டும் மாற்று முறை கிடையாது. தினமும் இரண்டு பாடும் உங்கள் பாடுதான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் டீச்சர். என் அறைக்கும் உங்கள் அறைக்கும் நடுவில் ஒரு மரத்தட்டிதானே. முன்பு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே இரைச்சல் வரும். இப்போது ஒவ்வொரு குரலாகக் கேட்டது. "நீ சொல்லு", "இப்ப நீ", "எங்க தடுக்குதுன்னு விரல வை" என்று நீங்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போவது தெரியும். நாலு மாதத்தில் பவானி, ஏலக் கூடத்தில் ஐஸ் பெட்டி மேல் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, "நைனா, இது நம்ம யாவாரி பொட்டி இல்ல" என்று இறாலைக் கொட்டப்போன அப்பன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அப்பன் மறுநாள் ஒரு பை நிறைய இறாலைக் கொண்டுவந்து உங்கள் மேசை மேல் வைத்தார். அறையெல்லாம் கவிச்சி. "தூக்கிட்டுப் போங்க, ஆளுக்கொரு சிலேட்டுக் குச்சி வாங்கிக் குடுங்க போதும்" என்று விரட்டினீர்கள்.

எல்லாம் சரிதான், என் விரல் ஒன்றைத் தவிர. காலை பத்து மணிக்குள் வருகையைச் செல்போன் ஆப்பில் ஏற்ற வேண்டும். பாதிப் பிள்ளைகள் மத்தியானம் வருவார்கள் என்று சொல்ல அதில் இடமில்லை. நான் நாற்பத்து நான்கு பேரையும் 'வருகை' என்று அழுத்தினேன். எல்லோரும் எப்படியும் அன்றைக்குள் வந்துவிடுகிறார்களே, இதில் என்ன பொய் என்று சமாதானம் சொன்னேன்.

"அப்ப அத எழுதிக் குடுத்துருவோம் சார். இந்த மாதிரி ரெண்டு வேளையா வைக்கிறோம், வேல செய்யுது, இன்னொரு டீச்சர் குடுத்தா முழு நாளும் இப்படியே நடத்தலாம்னு எழுதுவோம்" என்றீர்கள்.

"மெமோ குடுத்துருவாங்க டீச்சர். அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அந்த 'அப்புறம்' என்ற வார்த்தையை என் வாயிலிருந்து நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்!

அப்போதும் ஒரு பயிற்சி நடந்தது, நாம் இரண்டு பேரும் போயிருந்தோம். அன்றைக்கும் நாடு நாடாகக் காட்டினார்கள். ஒரு படத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, சின்ன வகுப்புகள் இருக்கிற சில இடங்களில் மதிப்பெண் குறைவு, பெரிய வகுப்புகள் இருக்கிற சில இடங்களில் அதிகம், ஆகவே கவலைப்படாதீர்கள் என்றார்கள். நீங்கள் எழுந்து கேட்டீர்கள்: "அந்தப் பெரிய கிளாஸ் டீச்சரு ஒரு நாளைக்கு எத்தன பீரியட் எடுப்பாங்க சார்? மூணு கிளாஸ ஒண்ணா வச்சிருப்பாங்களா?" கருத்தாளர் "நல்ல கேள்வி, டீ பிரேக்குல பேசுவோம்" என்றார். டீ இடைவேளையில் அவர் போன் பேசிக்கொண்டே காருக்குள் ஏறியதை நாம் இரண்டு பேரும் பார்த்தோம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீங்கள் விடவில்லை. உங்கள் அக்கா மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், அவளிடம் கேட்டிருக்கிறீர்கள். அங்கேயும் வகுப்பு பெரியதுதானாம். ஆனால் வாசிக்கத் திணறுகிற சின்னப் பிள்ளைகளைத் தனியாக ஒரு சிறு கூட்டமாக உட்கார வைத்து இன்னொரு டீச்சர் சொல்லித்தருகிறாராம். பள்ளி விட்டதும் டியூஷன் வேறு. "பெரிய கிளாஸ மட்டும் காட்டுறாங்க. பக்கத்து ரூம்ல இருக்கிற அந்தச் சின்னக் கிளாஸ காட்ட மாட்டேங்கிறாங்க பாருங்க" என்றீர்கள். "சில ஊர்ல பின்தங்கின பிள்ளைங்களத்தான் சின்னக் கிளாஸ்ல போடுறாங்க. அப்ப அங்க மார்க்கு கொறச்சலாத்தான் இருக்கும். கஞ்சி குடிக்கிறவங்கல்லாம் காய்ச்சல்ல கெடக்குறாங்க, அதனால கஞ்சியாலதான் காய்ச்சல்னு சொல்ற மாதிரி இருக்கு இவங்க பேசுறது." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சின்ன வகுப்பு ஆனதும் எல்லாம் தானாக நடந்துவிடும் என்றும் நீங்கள் நம்பவில்லை. "இருபத்திரண்டு பேர வச்சுக்கிட்டும் பழையபடி கத்திக்கிட்டே இருந்தா ஒண்ணும் வராது சார். நாம சொல்லித்தர்ற விதமும் மாறணும்" என்றீர்கள். அதை எந்தக் கருத்தாளரும் எனக்குச் சொன்னதில்லை.

கல்வி அலுவலர் பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்று முந்தின நாள் மாலை தகவல் வந்தது. நீங்கள் உற்சாகமாக இருந்தீர்கள். "நல்லதாப் போச்சு சார். நாளைக்கு உள்ளபடியே நடத்துறேன். காலைல இருபத்திரண்டு பேரு, மத்தியானம் மீதி. அவரே பாக்கட்டும்." நான்தான் வேண்டாம் என்றேன். முதலில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்போம், பிள்ளைகள் வாசிப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும், மனசு குளிர்ந்திருக்கும்போது நாசூக்காக இன்னொரு ஆசிரியர் கேட்போம் என்று திட்டம் போட்டேன். சாமர்த்தியம் என்று நினைத்தேன். பயம்தான் சாமர்த்தியம் மாதிரி வேஷம் போட்டிருந்தது. அன்றிரவே எல்லம்மாவுக்குச் சொல்லி அனுப்பி, பாடு உள்ள வீடுகளில் கைக்குழந்தைக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்து, காலையில் நாற்பத்து நான்கு பேரையும் தலைவாரி உட்கார வைத்தோம்.

பிள்ளைகள் வாசித்தார்கள். அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தில் விரலை வைத்த இடத்திலெல்லாம் வாசித்தார்கள். அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பார்வைப் புத்தகத்தில் எழுதினார். நான் தோள் மேலாக எட்டிப் பார்த்தேன். மூன்று வகுப்புகளை ஒரே ஆசிரியர் சிறப்பாகக் கையாள்வதால் கூடுதல் ஆசிரியர் தேவை எழவில்லை என்று முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. "இந்தம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்க சார். எல்லாருக்கும் காட்டணும்" என்று சொல்லிவிட்டு, எல்லம்மா கொடுத்தனுப்பிய நண்டையும் வண்டியில் வைத்துக்கொண்டு போனார்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இங்கே எழுத முடியாது. வண்டி திரும்பியதும், "நாப்பத்திநாலு பேருக்கு ஒரு டீச்சர் போதும்னு நாமளே நிரூபிச்சுக் குடுத்துட்டோமே சார். இனிமே யாரு கேட்டாலும் நம்ம பிள்ளைங்களத்தான் காட்டுவாங்க" என்றீர்கள். நான் "எழுதிடலாம் டீச்சர், கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். பத்து நாள் கழித்து, போனில் இருந்த படங்களில் நீங்கள் அழகாக இருந்த ஒன்றை எடுத்து அனுப்பினேன். காலை வேளைப் படம் அது. எத்தனை தலை இருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை.

அதற்குப் பின் ஒரு வருஷம் இருந்தீர்கள். பாடும் நடந்தது, பொய்யும் நடந்தது. மே விடுமுறையில் ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. மசூதித் தெருவில் உங்கள் வீட்டு வாசலில் குப்பத்து ஜனம் முழுக்க நின்றிருந்தது. அன்றைக்குப் பாடு உள்ளவர்கள்கூட ஏரியில் இறங்கவில்லை. எல்லம்மா என்னிடம் வந்து, "டபுள் வேல பாத்துச்சே சார் அந்தம்மா. நீ பாத்துக்கினுதான இருந்த?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

ஜூனில் சுகன்யா வந்தாள். எளாவூர்ப் பக்கத்துப் பெண், தற்காலிக நியமனம், முதல் வேலை. அவளிடம் பாடு முறையைப் பற்றி நான் சொல்லவில்லை. புதுசு, வெளியில் எங்காவது உளறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, "இனிமே எல்லாரும் காலையிலேயே வந்துடணும்" என்று சொல்லிவிட்டேன். மேல் வகுப்புக்குப் போனவர்களுக்குப் பதில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆக அதே நாற்பத்து நான்கு பேர் மறுபடி ஒரே அறையில். பாடு உள்ள நாட்களில் பாதிப் பேர் வருவதே இல்லை. வருகிற ஒன்றிரண்டும் இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வரும். தட்டிக்கு அந்தப் பக்கம் பழைய இரைச்சல் திரும்பிவிட்டது. என் விரல் மட்டும் பழக்க தோஷத்தில் எல்லோரையும் 'வருகை' என்றே அழுத்திக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் மறுபடி வந்து பார்த்த அலுவலர் பிள்ளைகள் முன்னாலேயே அவளைக் கேட்டார்: "அந்தம்மா இதே நாப்பத்திநாலு பேர வச்சுத்தானம்மா வாசிக்க வச்சாங்க? நீ இன்னா பண்ணிக்கினு இருக்க?" நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் அவருக்கு வாங்கிய இளநீர் வேறு.

சாயங்காலம் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "அந்த டீச்சர் எப்படி சார் செஞ்சாங்க? நான் வீட்ல விடிகாலம் எந்திரிச்சு அட்டையெல்லாம் தயார் பண்றேன். எனக்கு மட்டும் ஏன் சார் வரமாட்டேங்குது?" என்று கேட்டாள். "அனுபவம்மா. போகப் போக வரும்" என்றேன். டீச்சர், என் வாழ்க்கையில் நான் சொன்ன எல்லாப் பொய்களிலும் அசிங்கமானது அதுதான். வாய் கொப்பளித்தாலும் போகாத அசிங்கம். போன மாதம், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை, நின்றுவிடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். பவானி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஐஸ் பெட்டிப் பெயரை வாசித்த பிள்ளை, இப்போது வாசிக்கச் சொன்னால் வரி நீளமானதும் எழுத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைச் சொல்கிறாள். சுகன்யாவின் தாளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, "அப்புறம் பாக்கலாம்மா" என்றேன். அதன் பிறகுதான் அந்தப் பயிற்சி, அந்தப் படம், அந்தக் கைதட்டல்.

திங்கட்கிழமை சுகன்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாடு, இரண்டு வேளை, அலுவலருக்காக நடத்திய நாடகம், ஆப்பில் ஏற்றிய பொய் வருகை, எல்லாம். நிம்மதியாக அழுவாள் என்று ஒரு அற்ப ஆசை எனக்கு இருந்திருக்க வேண்டும். அவள் அழவில்லை. "அஞ்சு மாசமா நான் மக்குன்னு நெனச்சுக்கினு இருந்தேன் சார். நீங்க பாத்துக்கினு இருந்தீங்க" என்றாள். எல்லம்மா கேட்ட அதே கேள்வி, இந்த முறை கேள்வியாகக்கூட இல்லை. அப்புறம் இழுப்பறையிலிருந்து தன் தாளைத் தானே எடுத்துக் கிழித்தாள். "பாடு லிஸ்ட் எங்க சார்?" என்றாள்.

உண்மையை அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் பெயர் அடிபடும், உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. டீ கொடுத்தாள். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கிறவரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா பேரு கெட்டுடும்னு பயப்படுறீங்களா சார்? அம்மா அந்தப் பேர வேணாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. உங்க மேல கடைசி வரைக்கும் கோவமாத்தான் இருந்தாங்க. மறைக்காம சொல்றேன். 'சார் இந்த வாரம் எழுதிடுவாரு, அடுத்த வாரம் எழுதிடுவாரு'ன்னு இங்க உக்காந்து சொல்வாங்க. அப்புறம் சொல்றத விட்டுட்டாங்க."

ஷேர் ஆட்டோவில் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளிக்காமல், என் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டு வந்தீர்களே! அந்த மரியாதையை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு பக்கம் எழுதினேன். படத்தில் இருப்பது அரை வகுப்பு, வாசிக்க வைத்தது அந்த அரை வகுப்பு, நாற்பத்து நான்கு என்பது என் பொய், வருகையை ஏற்றியது என் கை, நாடகம் என் யோசனை, அந்த ஆசிரியை உண்மையை எழுதச் சொன்னார், நான் எழுதவில்லை. கூடுதல் ஆசிரியர் இல்லாமல் அந்த வேலையை ஒருவரே செய்ய வேண்டுமானால் நாளுக்கு இரண்டு முறை செய்ய வேண்டும், அவர் செய்தார், இப்போது இல்லை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு கல்வி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் படித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னா சார் இது பேஜாரு? ரிட்டயர்டு ஆவப்போற நேரத்துல! செத்தவங்கள எதுக்கு இழுக்குறீங்க?" என்றார். இழுத்தது நான் இல்லை, மண்டபம் மண்டபமாகத் திரையில் இழுத்துக்கொண்டிருப்பது அவர்கள் என்றேன். முத்திரை குத்தி நகல் வாங்குகிறவரைக்கும் நகரவில்லை.

மறுநாள் காலை இருபத்திரண்டு பேருக்கு மட்டும் 'வருகை' அழுத்தினேன். மீதிப் பெயர்கள் சிவப்பாயின. பத்தேகாலுக்கு போன் வந்தது. ஆமாம், தெரிந்துதான் போட்டேன் என்றேன். மெமோ வரும் என்றார்கள், வரட்டும். சுகன்யா என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். மத்தியான வேளையில் பவானி உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள். சுகன்யா படத்தைக் கையால் மூடிவிட்டு எழுத்தின் மேல் அவள் விரலை வைக்கிறாள்.

இதையெல்லாம் செய்துவிட்டதால் எனக்கு மனசு லேசாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பார்த்தால் எனக்கு இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது இரண்டே பக்கம் எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் படத்தை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை, அடுத்த மாதம் இன்னொரு ஊரில் காட்டப்போகிறார்களாம். நான் அங்கே போவேன். அழைப்பு இல்லாவிட்டாலும் போவேன், டீ இடைவேளை வருகிறவரைக்கும் காத்திருக்க மாட்டேன்.

நல்ல டீச்சர் என்று ஊரே உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது. அது அவர்களுக்கு. எனக்கு நீங்கள் விட்டுப்போனது உங்கள் கோபம் ஒன்றுதான். என் முகத்துக்கு நேரே ஒரு தடவைகூடக் காட்டாத அந்தக் கோபத்தை உங்கள் மகள் கையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன், டீச்சர். அதை ஆறவிட மாட்டேன்.